கடலுக்குப் போன ஒரு பிடி ஓடை மண்

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி, செய்யாற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடைக்கரையில் நின்றுகொண்டிருந்தோம்.

கடலடி மண்ணை ஆராயும் ஓர் அம்மையாரிடம் நான் அப்போது உதவியாளன். கரைக்குச் சற்றுத் தள்ளி, அதிக ஆழமில்லாத கடலடியில் எடுத்த மண்ணில் கார்னெட் என்ற சிவப்புத் துகள்கள் நிறைய இருந்தன. அவை எந்த மலையிலிருந்து வந்தவை என்று அறிய, ஆறுகள் பிறக்கும் இடங்களில் மண் எடுத்து ஒப்பிட்டுவந்தோம்.

வழிகாட்ட வந்த விவசாயி சிரித்தார். "மண்ணு அள்றதுக்கா ஜீப்பு வச்சிக்கினு வந்தீங்க? எங்க வூட்டு வாசல்லயே கெடக்குதே!"

அம்மையார் குனிந்ததும் எதிர்க்கரையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தார்.

"தொடாதீங்கம்மா! எம்புள்ள அங்கதான் கீறான்."

விவசாயியின் சிரிப்பு அடங்கியது; அவர்தான் தணிந்த குரலில் விவரம் சொன்னார். ஐப்பசி வெள்ளம் அந்தத் தாயின் மகனை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். உடல் கிடைக்கவில்லை. பாறை இடுக்கில்தான் இருக்கிறான் என்று சொல்லி, கருமாதி செய்யவும் விடாமல் தினமும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாராம்.

அம்மையார் மண் அள்ளும் கரண்டியைக் கீழே வைத்தார். அந்தத் தாயை அருகில் உட்காரவைத்து, கொண்டுவந்திருந்த கடல் மண்ணைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். பிறகு காலடியில் கிடந்த ஓடை மண்ணை. இரண்டிலும் அதே சிவப்பு.

"கடல்ல இருக்கறது மொனையெல்லாம் தேஞ்சி கீதேம்மா" என்றார் அந்தத் தாய்.

"ரொம்ப தூரம் உருண்டு போனதுங்க."

"எம்புள்ளயும் போய்ச் சேந்திருப்பானா?"

அம்மையார் பொய் சொல்லவில்லை. "தெரியலைங்க. இந்த மண்ணு போய்ச் சேரவே ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும்."

அந்தத் தாய் எழுந்து அந்தப் பாறை இடுக்கருகே போனார். அந்த இடத்திலேயே ஒரு பிடி மண் அள்ளி, முந்தானையைக் கிழித்து முடிந்து நீட்டினார்.

"அவ்ளோ நாளு என்னால காத்துக்கினு இருக்க முடியாது. நீங்களே இட்டுக்கினு போயி கடல்ல வுட்டுடுங்க. நான் இங்க காரியத்த முடிச்சிடறேன்."

கடலில் மண் மாதிரி எடுக்கும் படகில் வேறிடத்து மண் ஒரு துகள்கூட ஏறக்கூடாது. எது எங்கிருந்து வந்தது என்பதே குழம்பிவிடும். எங்கள் செருப்பைக்கூடக் கழுவச் சொல்பவர் அம்மையார். ஆனாலும் அடுத்த பயணத்தில் அந்த முடிச்சு, இறுக மூடிய டப்பாவுக்குள் எங்களோடு வந்தது. கடைசி மாதிரியையும் கட்டி முத்திரையிட்ட பிறகு, செய்யாற்று நீரைச் சுமந்து வரும் பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு நேரே, தம் கையாலேயே அதை அவிழ்த்து நீரில் விட்டார்.

"இந்த இடத்துல இனிமே மண் எடுக்க வேணாம். வரைபடத்துல குறிச்சுக்கங்க" என்றார்.

குறித்தேன். அன்றிலிருந்து எந்த ஆற்றங்கரையிலும், அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என்னால் மண் அள்ள முடிவதில்லை.