ஈரக் கை

மாவடுவின் காம்பைக் கிள்ளியதும் பீறிடும் பாலுக்குக் காரமான ஒரு வாசனை உண்டு. மூக்கில் சுருக்கென்று ஏறி, உதட்டில் பட்டால் தோலையே பொசுக்கிவிடும் அந்தப் பாலின் வாசனை, இன்றைக்கும் சித்திரை வெயிலில் தேனி மார்க்கெட்டில் வடுக் கூடைகளைக் கடந்து போகும்போது என்னைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. மற்றவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும் இடத்தில் நான் ஒரு படிகூட வாங்காமல் நகர்ந்துவிடுவேன். ஏனென்று என் பிள்ளைகளிடம்கூட நான் சொன்னதில்லை.

சின்னமனூரை அடுத்து, மேகமலை அடிவாரத்துத் தோப்புகளுக்கும் முல்லைப் பெரியாற்றுக்கும் நடுவில் இருந்தது எங்கள் ஊர். ஒரே வீட்டில் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான். சித்தி ஆண்டிபட்டிப் பக்கத்து வறண்ட காட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வரும்வரை ஓடுகிற தண்ணீரையே அவள் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தாளாம். அணையில் தண்ணீரைக் குறைத்துவிட்டால் கோடையில் எங்கள் ஆறு பாறைகளுக்கு நடுவே "கசம் கசமாக" அங்கங்கே தேங்கி நிற்கும்; அந்தக் கசங்களில் பழைய துணியை விரித்து மீனை அரித்தெடுக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, தரையோடு தரையாக இழுத்து, ஒரே மூச்சில் தூக்க வேண்டும். அவள் பாதியிலேயே சிரித்து முனையை விட்டுவிடுவாள். அயிரையும் கெண்டையும் தப்பி ஓடும். நான் அவளைத் திட்டுவேன். ஒன்பது வயதுக்காரியிடம் திட்டு வாங்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று இன்னும் சிரிப்பாள். முழுப் பரீட்சை லீவு விட்டால் காலையில் களாக்காய், மதியம் மீன், காற்றடித்த மறுநாள் தோப்பில் உதிர்ந்த வடு என்று எங்கள் இருவருக்கும் வீடே தங்காது. கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லாததால் ஊர்ப் பெண்களின் வாய்க்குப் பயந்துதான் அவள் என்னோடு ஆற்றுக்கு ஓடிவந்தாள் என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது.

அந்த வருஷம் சித்தி ஆற்றுக்கு வரவில்லை. நாள் தள்ளிப் போயிருந்தது. நாற்பது நாள் தாண்டிவிட்டது என்று அம்மா அப்பாவிடம் அடுப்படியில் குசுகுசுத்ததைக் கேட்டேன். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் பொய்யில்லை. அன்று முதல் சித்தி குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, வெயிலில் போகக் கூடாது. அம்மா திராட்சைத் தோட்டத்து அறுப்புக்குப் போக வேண்டியிருந்ததால் வடு ஜாடியைச் சித்தியின் பொறுப்பில் விட்டாள். எங்கள் வீட்டில் அது சின்னப் பொறுப்பல்ல. வடுவை ஒவ்வொன்றாகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, உப்பும் கடுகுப்பொடியும் மிளகாய்ப்பொடியும் போட்டு, வாயில் வெள்ளைத் துணி கட்டிய அந்த ஜாடிதான் அடுத்த கோடை வரைக்கும் கஞ்சிக்கும் பழைய சோற்றுக்கும் துணை. முதல் பத்து நாள் காலையும் மாலையும் காய்ந்த அகப்பையால் கிண்டிவிட்டு, பிறகு திறக்காமல் ஊற விட வேண்டும். கையை விடக் கூடாது. "தூரமான", அதாவது மாதவிலக்கான, பெண்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. போனால் ஜாடி கெட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத சட்டம்.

எனக்கோ கோபம். இன்னும் பிறக்காத ஒன்று என் கூட்டாளியைப் பறித்துக்கொண்டுவிட்டதே என்ற கோபம். ஒரு மதியம் தனியாக ஆற்றுக்குப் போய், துணியைத் தனியாக இழுத்து, ஏழெட்டுக் கெண்டைகளோடு திரும்பினேன். சித்தி உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மீனைச் சட்டியில் போட்டுவிட்டு, கிண்டி முடித்து ஊற விட்டிருந்த ஜாடியின் துணியை அவிழ்த்து, சொட்டச் சொட்ட நனைந்திருந்த கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, நாலைந்து வடுவை அள்ளி எடுத்துத் தின்றேன். துணியைப் பழையபடி கட்டிவைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஒரு வாரம் கழித்து அம்மா ஜாடியைத் திறந்தபோது மேலே வெள்ளையாகப் பூசணம் படர்ந்து, வீடே நாறியது. கிண்டியது சித்தி ஒருத்திதான் என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மா அவிழ்த்த துணியைத் தரையில் எறிந்தாள். பிறகு சித்தியைக் கூப்பிட்டு நடு வீட்டில் நிறுத்தினாள்.

"நெசத்தச் சொல்லு. தூரமாகிட்டு, அத மறச்சுக்கிட்டு ஜாடியத் தொட்டியா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

அதற்குமேல் அம்மா கேட்கவில்லை. பிள்ளை உண்டாகியிருப்பதாகச் சொல்லி இத்தனை நாள் ஊரையும் வீட்டையும் ஏமாற்றியிருக்கிறாள் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். சித்தப்பா வந்தார், கேட்டார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஜாடியைக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவும்படி அம்மா சொன்னாள். கொல்லையில் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த சித்தி, கதவில் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அடி விழும் என்ற பயம் இருந்தது. இனி அவள் பழையபடி என்னோடு ஆற்றுக்கு வருவாள் என்ற ஆசையும் இருந்தது. அந்த ஆசையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள் அவளுடைய அண்ணன் வந்து அழைத்துப் போனார். பஸ் நிறுத்தம்வரை நானும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு போனேன். சித்தி என் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

அடுத்த மாதம் ஆண்டிபட்டியிலிருந்து ஒரு ஆள் வந்து சொன்னார், கரு கலைந்துவிட்டதென்று. ஆக, பிள்ளை நிஜம். அம்மா அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. சித்தப்பா மூன்று தடவை போய்க் கூப்பிட்டார், சித்தி வரவேயில்லை. பிறகு எங்கள் வீட்டில் வடு போடுவதையே விட்டுவிட்டோம். அம்மா போன வருஷம் இறந்துபோனாள். "அன்னிக்கு அப்பிடிப் பேசிருக்கக் கூடாதுடி" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த நான் அப்போதும் சொல்லவில்லை.

இந்தச் சித்திரையில்தான் ஆண்டிபட்டிக்குப் போனேன். அதற்கு முன்னால் எங்கள் ஊருக்கும் ஒரு எட்டுப் போய்ப் பார்த்தேன். மணல் போன ஆற்றில் கசங்கள் இல்லை, கோரைதான் மண்டிக் கிடக்கிறது. தோப்பு இருந்த இடத்தில் பிளாட் கல் ஊன்றியிருக்கிறார்கள். சித்தி சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அண்ணன் வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் ஆத்தா. ஜாடியக் கழுவுனது நாந்தான. ஒரு வடுவுல கெண்டச் செதிலு ஒட்டியிருந்துச்சு. அந்த வாரம் நம்ம வீட்டுல ஆத்துக்குப் போனவ நீ ஒருத்திதான்."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா யாரு நம்புவாக? தப்பிக்கிறதுக்குப் பச்சப்புள்ள மேல பழி போடுறான்னுருப்பாக. நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். பஸ்சு வார வரைக்கும் பாத்தேன்."

எனக்கு அப்போது ஒன்பது வயதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. சாப்பிடாமல் போகக் கூடாது என்று தட்டை வைத்தாள். பழைய சோற்றில் மோர் ஊற்றினாள். பரணிலிருந்து சின்ன ஜாடி ஒன்றை இறக்கி என் முன்னால் வைத்தாள். வடுதான், இந்த வருஷம் போட்டது. நான் வாளித் தண்ணீரில் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் கொடியில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"கைய நல்லாத் தொடச்சுக்க ஆத்தா. அப்பறமா எடு."

வாங்கித் துடைத்தேன். விரல் விரலாக, நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.