கோலி சோடா பாட்டிலில் ஒரு லாவா விளக்கு

மாமனாருக்குக் கண்புரை அறுவை முடிந்த மூன்றாம் நாள், அவருடைய புதுக் கண்ணுக்கு நான் கிட்டத்தட்ட வெடி வைத்தேன். வேண்டுமென்றே அல்ல, நல்ல எண்ணத்தில்தான். என் வாழ்க்கையின் பெரிய சேதங்கள் எல்லாம் நல்ல எண்ணத்தில் விளைந்தவை.

மாமா எருமப்பட்டிப் பக்கத்து விவசாயி. அறுவைக்காக நாமக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்து, முன்னறைக் கட்டிலில் இருந்தார். கட்டுப் பிரித்ததும் அவர் கண்டுபிடித்தது நீல நிறத்தை. புதுக் கண்ணால் பார்த்தால் காலண்டரில் இருந்த வானம் நீலம். பழைய கண்ணால் பார்த்தால் அதே வானம் மோர்க்குழம்பு. நாள் முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருசம் ஏமாந்து போயிட்டனுங்க மாப்ள" என்றார்.

குனியக் கூடாது, இருமக் கூடாது, உடம்பு அதிரக் கூடாது, கண்ணில் தண்ணீரோ தூசியோ படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "கண்ண முட்டை மாதிரி வெச்சுக்கோங்க." நாமக்கல்காரர்களுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. எதில் எத்தனை உடையும் என்று எங்களுக்குத் தெரியும்.

டிவியும் கூடாது. மனிதர் பொழுது போகாமல் தவித்தார். நீலத்துக்குத்தானே ஏங்குகிறார், ஒரு லாவா விளக்கு செய்து காட்டலாம் என்று தோன்றியது எனக்கு.

அசல் லாவா விளக்கை ஒரு நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு திரவம், அடியில் மெழுகு, அதற்கும் கீழே ஒரு பல்பு. ஆறியிருக்கும்போது மெழுகு திரவத்தைவிடக் கொஞ்சம் கனம். பல்பின் சூட்டில் உப்பி லேசாகும், மேலே போகும். மேலே சூடு குறைவு, ஆறிச் சுருங்கும், இறங்கும். சில மனிதர்கள் அறுபது வருடம் செய்வதும் இதுதான், பல்புதான் இல்லை.

வீட்டில் செய்வதற்குச் சூடு வேண்டாம் என்று இணையத்தில் ஒரு செய்முறை கிடைத்தது. பாட்டிலில் கால் பங்கு சாயத் தண்ணீர், மேலே சமையல் எண்ணெய். இரண்டும் சேராது. அஜீரணத்துக்குக் குடிக்கிறோமே, பொங்கும் உப்பு, அதைப் போட்டால் எண்ணெயைக் கடந்து தண்ணீரைத் தொட்டதும் வாயுக் குமிழ்கள் கிளம்பும். ஒவ்வொரு குமிழும் ஒரு சொட்டு சாயத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு எண்ணெய்க்குள் ஏறும். உச்சியில் வாயு வெளியே போய்விடும், சொட்டு தனியாக இறங்கும்.

வாயு வெளியே போய்விடும் என்பதுதான் அதில் முக்கியமான வரி. நான் அதை வேகமாகப் படித்துவிட்டேன்.

வாய் அகன்ற ஜாடி போதும் என்றுதான் போட்டிருந்தது. எனக்கு அழகு வேண்டியிருந்தது. எப்போதோ வீட்டுக்கு வந்து திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட கோலி சோடா பாட்டில் ஒன்று பரணில் இருந்தது. இடுப்பு ஒடுங்கிய தடித்த கண்ணாடி, கழுத்தில் உருளும் கோலி. தண்ணீரில் பேனா மையைக் கலந்தேன். நான் எழுதியதால் யாருக்கும் பயன் இல்லாத மை, இதற்காவது ஆகட்டும். செல்போன் டார்ச்சைப் போட்டு ஸ்டூலில் வைத்து, அதன்மேல் பாட்டிலை நிறுத்தி, ஒரு பொட்டலம் உப்பைக் கொட்டினேன்.

நீலச் சொட்டுகள் ஒரு நிமிடம் ஏறி இறங்கி அடங்கிவிட்டன.

"அவ்வளவுதானுங்களா மாப்ள?" என்றார் மாமா.

என்னைக் கெடுப்பதற்கு அந்த ஒரு கேள்வி போதும். இன்னும் மூன்று பொட்டலங்களைக் கொட்டினேன். தூள் எண்ணெயில் கட்டியாக மிதந்தது. கலக்குவதற்காக வாயைக் கட்டைவிரலால் மூடி, ஒரு தரம் கவிழ்த்து நிமிர்த்தினேன். கழுத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடியும் டார்ச்சின்மேல் வைத்தேன்.

அற்புதமாக வேலை செய்தது. நீல முத்துகள் சரம் சரமாக ஏறின. மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தைப் பாட்டிலுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்து வைத்தார்.

அப்போதுதான் அந்த 'டக்' எனக்குப் புரிந்தது. கவிழ்த்தபோது கோலி உருண்டு, வாயில் இருக்கும் ரப்பர் வளையத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. கோலி சோடாவின் சூத்திரமே அதுதான்: உள்ளே அழுத்தம் கூடக் கூட அடைப்பு இறுகும். எண்ணெயில் மிதந்த தூளோ கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் விழுந்துகொண்டேயிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அடிக்கண்ணாடியில் முடி போல ஒரு விரிசலும் தெரிந்தது. அது ஏற்கெனவே இருந்ததா, இப்போது வந்ததா என்று தெரியவில்லை.

சோடா பாட்டில் வெடித்தால் முகம் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்ப் பக்கம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சோடா நிரப்புகிறவர்கள் கம்பி வலையை முகத்தில் கட்டிக்கொண்டுதான் இயந்திரத்தின் முன் நிற்பார்கள். மாமாவின் முகத்தில் வலை இல்லை, இரண்டு நாள் வயதான ஒரு புதுக் கண்தான் இருந்தது.

கத்தினால் பதறி எழுந்துவிடுவார். பிடித்து இழுத்தால் அதிரும். நான் என்ன செய்தேன் என்றால், ஓசைப்படாமல் சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

"ஏனுங்க, அப்பாவ அங்க உட்டுப்போட்டு இங்க வந்து நிக்கறீங்களே!"

"யோசனை கேக்கலாம்னு..."

"பாட்டில வெளியில கொண்டு போங்க. அப்பாவுக்குத் தெரியக் கூடாது. சிரிச்ச மூஞ்சியாப் போங்க." ஒரு சாக்கை நனைத்துக் கையில் திணித்தாள். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். சிரித்த மூஞ்சி அதற்குள் வீணாகிவிட்டது.

மாமா நிமிர்ந்து பார்த்தார். "எங்கீங்க மாப்ள கெளம்பிட்டீங்க?"

"இங்கதானுங்க மாமா."

"வண்டி ஊட்டுக்குள்ளயே வருதுங்களா?"

பாட்டிலைச் சாக்கால் சுற்றித் தூக்கினேன். பிள்ளைத்தாய்ச்சி நடப்பதுபோல் நடந்தேன். குலுங்கினால் மிச்சத் தூளும் தண்ணீரில் விழுந்துவிடும். முன்னறையிலிருந்து கொல்லைக்குப் பதினாலு எட்டு. ஐந்தாவது எட்டில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"வெயில்ல வெச்சுப் பாத்தா நெம்ப நல்லாருக்குமுங்க மாப்ள. நானும் வாரேன்."

ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. சாக்கின் ஈரம் வயிற்றில் இறங்கியது, அல்லது அது வேர்வை. அவர் மூச்சு என் முதுகில் பட்டது. அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் எனக்காகக் கொல்லைக் கதவைத் திறக்கப் போயிருந்தாள். அங்கிருந்தே பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"அப்பா, அங்கயே நில்லுங்க. தரை ஈரம், வழுக்கிப்போடும்."

செருப்புச் சத்தம் நின்றது. நான் வெளியே போய் சிமெண்டுத் தொட்டிக்குள் பாட்டிலை இறக்கி, சாக்கை மேலே போர்த்திவிட்டு, மூன்று எட்டு பின்னால் வந்திருப்பேன்.

சாக்கு ஒரு முழம் எழும்பியது. சத்தம் அதற்கப்புறம் வந்ததுபோல் இருந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் அத்தனையும் கத்தின.

நான் முதலில் தொட்டுப் பார்த்தது என் முகத்தை. கையில் பட்டது ஹெல்மெட். இதை எழுதாமல் விட்டிருக்கலாம், ஆனால் மாமாவின் நினைவு எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது.

திரும்பினேன். கதவருகில் அவர் புதுக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"அப்பா?" மனைவியின் குரல் அவளுடையதாகவே இல்லை.

"ஒண்ணுமில்ல சாமி. சத்தத்துல கண்ண இறுக்கிப்போட்டேன். தண்ணியா ஊத்துது."

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். நான் சுவரில் இருந்த எழுத்துப் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்து, கீழிருந்து மேலும் படித்தேன்.

"நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "அதிர்ச்சி எதுவும் ஆகலையே?"

"மாப்ள ஒரு விளக்கு செஞ்சாருங்க" என்றார் மாமா. "முழுசாப் பாக்கறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டாரு. மறுக்காச் செய்யச் சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்க்கவில்லை. "செய்வாருங்க. டம்ளர்ல" என்றாள்.

அன்று சாயங்காலம், அகன்ற கண்ணாடி டம்ளரில், அரைப் பொட்டலம் உப்போடு செய்தேன். மூடி கிடையாது, மூடவும் முடியாது. வாயு தன் வழியே போனது. ஆபத்து எதுவும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அவர் முகத்துக்கும் டம்ளருக்கும் நடுவே என் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நின்றேன்.

"கை மறைக்குதுங்க மாப்ள."

"இருக்கட்டுமுங்க மாமா" என்றேன். விரல்களைக் கொஞ்சம் விரித்தேன். அவர் அந்த இடுக்கு வழியாகப் பார்த்தார்.