சக்கர ஹாக்கியும் அப்பாவின் கேதமும்

இந்த ஊரில் எதிரே வருகிற எவரும் "தூடு பெய்ங்?" என்று கேட்காமல் போவதில்லை. எல்லாம் நலமா என்று அர்த்தம். ஆனால் கேட்டுவிட்டு நிற்கமாட்டார்கள். நாம் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர்கள் முதுகு தெரியும். போர்ச்சுகலின் வடக்கே இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்த புதிதில் எனக்கு இது பிடிபடவே இல்லை. திண்டுக்கல் நாகல் நகரில் ஒருவர் "என்னப்பு, நல்லாருக்கியா?" என்று கேட்டால் அன்றைய வேலை கெட்டது என்று பொருள். டீ வரும், மூட்டுவலி வரும், மச்சினன் பேச்சு வரும். அந்தப் பழக்கத்தில் இங்கே ரொட்டிக்கடைக்காரர் கேட்டபோது நான் நின்று நிதானமாக, தலைவலி இரண்டு நாளாக விடவில்லை என்று தெரிந்த அரைகுறை மொழியில் சொன்னேன். மனிதர் பயந்துபோய் மருந்துக்கடைக்கு வழி காட்டினார். பிறகு நானும் பழகிக்கொண்டேன். "தூடு" என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டு நடையைக் கட்டுவேன். அப்பா இறந்துபோன செய்தி வந்த காலையிலும் அதே ரொட்டிக்கடைக்காரர் கேட்டார், நானும் "தூடு" என்றேன். ரொட்டியை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

எனக்கு வேலை ஊரின் உள்விளையாட்டு அரங்கில். பவிலியாவ் என்பார்கள். கால்பந்தை விட்டால் இங்குள்ள சனம் உயிரை விடுவது சக்கர ஹாக்கிக்குத்தான். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சக்கரம் வைத்த பூட்ஸ், கையில் வளைந்த மட்டை, கல்லைப் போல ஒரு பந்து, சுற்றிலும் பலகைத் தடுப்பு. கோல்கீப்பரோடு சேர்த்து அணிக்கு ஐந்து பேர் களத்தில் இருப்பார்கள். பளபளவென்றிருக்கும் அந்த மரத்தரைதான் என் பிழைப்பு. தரையில் வேர்வை சொட்டிக் கிடந்தால் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் இடைவேளைதோறும் அகலமான மாப்பைத் தள்ளிக்கொண்டு ஒரு சுற்று வருவேன். பார்வையாளர்கள் சிலர் எனக்கும் கைதட்டுவார்கள். கிண்டலா பாராட்டா என்று இன்றுவரை தெரியாது.

ஆண்களுக்கான சர்வதேசப் போட்டி இந்த முறை எங்கள் அரங்கில் என்று முடிவானது. கொடிகளைக் கட்டும்போது நம் நாட்டுக் கொடியும் அதில் இருந்தது. என் மேற்பார்வையாளர் தோனா லூர்தெஷ், எங்களையெல்லாம் விரட்டி வேலை வாங்கும் பருத்த அம்மாள், "உன் ஆட்கள் வருகிறார்கள்!" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். அன்றைக்கே அப்பாவை வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னேன்.

அப்பா மினி பஸ் டிரைவர். நாகல் நகரில் ஆளை ஏற்றித் தாடிக்கொம்பில் இறக்கி, அங்கே ஏற்றி இங்கே இறக்கி ஆயுளைக் கழித்தவர். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முதலில் வந்தது சிரிப்புதான்.

"சக்கரத்தக் கட்டிக்கிட்டு ஹாக்கியா? நடந்து வெளையாடவே நம்மாளுகளுக்கு மூச்சு வாங்குது. கீழ விழுந்துற மாட்டாய்ங்களா?"

"விழுவாய்ங்கப்பா. எந்திரிச்சுக்கிருவாய்ங்க."

"பிரேக்கு எங்கடா இருக்கு?"

"முன்னாடி, கால் வெரலுக்குக் கீழ ஒரு ரப்பர் கட்ட இருக்கும்."

"முன்னாடியா? முன்னாடி மட்டும் பிரேக்கப் போட்டா வண்டி கவுந்துருமேடா!"

எந்த மடையன் இந்த வண்டியை வடிவமைத்தான் என்று வெகுநேரம் அங்கலாய்த்தார். கடைசியில், "நம்மாளுக எறங்குற அன்னிக்கு மறக்காம போனப் போட்டுக் காட்டு. பிரேக்க எப்புடிப் போடுறாய்ங்கன்னு பாக்கணும்" என்றார். காட்டுகிறேன் என்று சொன்னேன்.

போட்டி தொடங்குவதற்கு முந்தின வாரம் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். இங்கே தங்குவதற்கான என் வதிவிட அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. அது இல்லாமல் இந்த நாட்டை விட்டுப் போகலாம், திரும்பி வர முடியாது. அண்ணன் செல்வம் அழுகைக்கு நடுவிலும் தெளிவாகச் சொன்னான், "நீ வர வேணாம்டா. வந்து நீ என்ன செய்யப் போற? அப்பாவும் அதத்தான் சொல்லிருப்பாரு." மாப்புகளும் வாளிகளும் அடுக்கிய சாமான் அறையில் உட்கார்ந்து இறுதிச் சடங்கை போனில் பார்த்தேன். யாரோ பிடித்திருந்த போன் அது. பெரும்பாலும் பந்தல் துணியும் சனங்களின் கால்களுமே தெரிந்தன. ஓரிடத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி அசைந்தபோது அப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் கன்னம் இருப்பது தெரியும், தொடுவது தெரியாது. அப்படித்தான் இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன். எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

தோனா லூர்தெஷிடம் மட்டும் சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து, கன்னத்தில் முத்தம் வைத்து, தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவதாகச் சொன்னார். "வாய் பரா காஸா" என்று விடுப்பும் கொடுத்தார். வீட்டுக்குப் போ என்று அர்த்தம். வங்காளதேசத்துக்காரர்கள் இருவரோடு நான் பகிர்ந்துகொள்ளும் அறையைத்தான் அவர் சொன்னார். அங்கே போய்ச் சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லை. மதியமே அரங்குக்குத் திரும்பி வந்து மாப்பை எடுத்தேன். துக்கம் என்றால் வேலை செய்யக்கூடாது என்று அவருக்குக் கோபம், வேலை செய்யாமல் துக்கத்தை எங்கே வைப்பது என்று எனக்குக் குழப்பம். இருவருக்கும் ஒருவரை ஒருவர் புரியவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு எனக்கு எது குறைகிறது என்று யோசித்தேன். யாரும் என்னிடம் கேதம் கேட்கவில்லை. அதுதான் குறை.

இதைப் படிக்கிற நம்மூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சனத்தில் துக்கம் விசாரிக்க வருகிற ஆண்கள் வாயால் எதையும் கேட்கமாட்டார்கள். இறந்தவரின் மகன்களும் பங்காளிகளும் பந்தலுக்கு வெளியே வரிசையாக நிற்பார்கள். இரண்டு கைகளையும் சேர்த்து, தண்ணீர் வாங்கிக் குடிப்பவர் போல உள்ளங்கை மேலே தெரிய நீட்டியிருப்பார்கள். வருகிறவர் தன் கைகளை அவற்றின்மேல் வைத்துத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்வார். அவ்வளவுதான் கேதம். கிளம்பும்போது "வாரேன்" என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பேசாமல் போய்விட வேண்டும். வீட்டுக்குப் போனதும் குளித்துவிட வேண்டும். எல்லாரும் போனபிறகு, கை நீட்டி நின்றவர்களும் குளிப்பார்கள்.

அப்பா ஒரு கேதத்தையும் விட்டவர் இல்லை. வண்டி போகிற வழியில் பந்தலைப் பார்த்துவிட்டால் ஆட்களோடு பஸ்ஸை ஓரங்கட்டி விடுவார். "செத்த இருங்க, வாரேன்" என்று பயணிகளிடம் சொல்லிவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவார். யாரும் சடைத்துக்கொண்டதில்லை. சொல்லப்போனால் பாதிப் பேர் அவருக்குப் பின்னாலேயே இறங்கிப் போய்க் கையைத் தொட்டுவிட்டு வருவார்கள். ஒருமுறை நானும் அந்த வண்டியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பரீட்சை நாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவரிடம், "செத்தவரு யாருப்பா?" என்று கேட்டேன். "தெரியலடா. பந்தல் போட்ருந்துச்சு" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார்.

அந்த மனிதருடைய கேதத்துக்கு எவ்வளவு பேர் வந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எல்லாம் முடிந்தபிறகு அண்ணன் பேசினான். "குஜிலியம்பாறை சொந்தக்காரய்ங்க மொத்தமா வண்டி வச்சு வந்தாய்ங்கடா. பஸ்ல போறவுக வாரவுக எல்லாம் வந்தாக. அம்புட்டுப் பேரு. நீட்டி நீட்டிக் கை மரத்தே போச்சு." பிறகு, "ஒனக்கும் சேத்து நானே நீட்டிட்டேன்" என்றான். என்னைத் தேற்றத்தான் சொன்னான். ஆனால் எனக்கு அது உள்ளே போய்க் குத்திக்கொண்டு நின்றது. ஒருவன் கையை இன்னொருவன் எப்படி நீட்ட முடியும்?

போட்டிகள் தொடங்கின. இந்திய அணி வந்திறங்கியதும் தோனா லூர்தெஷ் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நிறுத்தினார். ஊர்க்காரனைக் கண்டுபிடித்துக் கொடுத்த பெருமை அவருக்கு. பையன்கள் எல்லாரும் வடக்கே இருந்து வந்தவர்கள். சந்தோஷமாக இந்தியில் ஏதோ கேட்டார்கள். எனக்கு இந்தியில் ஒரு சொல்லும் ஓடாது. பதற்றத்தில் "ஒப்ரிகாது" என்று போர்ச்சுகீஸில் நன்றி சொல்லிவிட்டேன். கோல்கீப்பர் பையன் சிரித்தான். சொந்த நாட்டாரோடு பேச முடியாமல் நான் நின்ற நிலையைப் பார்த்து, இவன் எந்த இந்தியாவிலிருந்து வந்தான் என்று தோனா லூர்தெஷுக்கு ஐயம் வந்திருக்க வேண்டும்.

நம் அணியின் ஆட்டம் ஒரு மதியம் நடந்தது. எதிரணிக்காரர்கள் சக்கரத்தோடு பிறந்தவர்கள். நம் பையன்கள் விழுந்தார்கள், எழுந்தார்கள், துரத்தினார்கள். கோலுக்கு மேல் கோல் வாங்கினார்கள். தடுப்புப் பலகையின் வாசலில் மாப்போடு நின்று நான் அவர்களுடைய கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி ஓட்டத்தில் உடம்பைச் சாய்த்து, பூட்ஸைக் குறுக்கே திருப்பி, தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் இருக்கும் ரப்பர் கட்டையை யாரும் நேராகப் போடவில்லை. அதனால்தான் கவிழவில்லை. ஆகா, இதை அப்பாவிடம் சொல்ல வேண்டுமே என்று கை தானாகப் போனை எடுத்துவிட்டது. எடுத்த பிறகு யாரைக் கூப்பிடுவது? யாரையும் கூப்பிடாமல், அணைந்த திரையை ஆடுகளத்தின் பக்கம் திருப்பிச் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டம் முடிந்தது. இந்த விளையாட்டில் ஒரு வழக்கம். முடிந்ததும் இரண்டு அணியும் கையுறைகளைக் கழற்றிவிட்டு வரிசையாக எதிரெதிரே வந்து ஒவ்வொருவர் கையையும் தொட்டுக்கொண்டு நகர்வார்கள். பேச்சே இருக்காது. எத்தனையோ ஆட்டங்களில் நான் பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் அது என் கண்ணில் உறைத்தது. தோற்றவர்கள் தலை குனிந்து கை நீட்டுகிறார்கள். மற்றவர்கள் தொட்டுவிட்டுப் போகிறார்கள்.

அந்த வரிசை அப்படியே வாசலை நோக்கி என் பக்கம் வந்தது. நான் யோசித்துச் செய்யவில்லை. மாப்பைத் தடுப்பில் சாய்த்தேன். இரண்டு கைகளும் சேர்ந்து, உள்ளங்கை மேலே தெரிய, நீண்டுவிட்டன.

முதலில் வந்த பையன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு தன் கையை என் கைமேல் வைத்துவிட்டுப் போனான். அடுத்தவனும் வைத்தான். ஒருவன் விளையாட்டுக்காரர்கள் தட்டுவதுபோலத் தட்டினான், ஒருவன் என் முகத்தைப் பார்க்காமலே தொட்டான். கோல்கீப்பர் பையன் மட்டும் முழங்கை வரைக்கும் இருந்த உறையோடு வந்திருந்தான், அதைக் கழற்றக் கொஞ்சம் நேரமாயிற்று. கழற்றிவிட்டு இரண்டு கைகளையும் சேர்த்து என் கைகளின்மேல் வைத்தான். அவை சூடாக, வேர்வையில் ஊறிச் சுருங்கியிருந்தன. அவனுக்குப் பின்னால் ஜெயித்த அணிக்காரர்களும் வந்தார்கள். அரங்கின் ஏதோ மரியாதை என்று நினைத்திருப்பார்கள், ஒருவர் விடாமல் தொட்டுவிட்டுப் போனார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

கடைசி ஆள் போன பிறகும் என் கைகள் நீட்டியபடியே இருந்தன. அப்பா செத்துப்போய்விட்டார் என்பது அப்போதுதான் எனக்கு வலித்தது. நின்ற இடத்திலேயே அழுதேன். தோனா லூர்தெஷ் ஓடிவந்து தோளைப் பிடித்து, "வெறும் விளையாட்டுதானே, அடுத்த முறை ஜெயிப்பார்கள்" என்று ஆறுதல் சொன்னார். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

தரையைத் துடைத்து முடித்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, கேதம் கேட்டுட்டுப் போனாய்ங்க."

"யாருடா?"

"நம்ம டீம்காரய்ங்க. எதிர் டீமும் வந்தாய்ங்க."

அண்ணன் எப்படி, ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை.

"வரிசையா வந்தாய்ங்களா?"

"வரிசையாத்தான் வந்தாய்ங்க."

"அப்ப சரி. எல்லாரும் போனதுக்கப்புறம் நானும் குளிச்சேன். நீயும் போயித் தலைக்கு ஊத்திக்க."

வீரர்களின் குளியலறையில் நாங்கள் குளிக்கக் கூடாது என்பது விதி. அன்றைக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சுவரோரம் யாரோ விட்டுப்போன சக்கர பூட்ஸ் கவிழ்ந்து கிடந்தது. குழாயைத் திறந்து, இங்கே யாரும் பழகாத பச்சைத் தண்ணீரைத் தலையில் விட்டுக்கொண்டு நின்றேன். அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டம் சேரும் சத்தம் கேட்டது. தரைக்கு ஆள் வேண்டும், என்னைத் தேடுவார்கள்.

கதவு தட்டப்பட்டது. "தூடு பெய்ங்?" என்று தோனா லூர்தெஷின் குரல். கேட்டுவிட்டுப் போய்விடுவார் என்று காலடிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அவர் போகவில்லை. கதவுக்கு அடியில் அவருடைய வெள்ளை ஷூக்கள் அசையாமல் நின்றன. பதில் சொல்லத்தான் வேண்டும். தண்ணீரை நிறுத்தாமல், அவருக்குப் புரியாத என் மொழியில் உரக்கச் சொன்னேன்.

"செத்த இருங்க, வாரேன்."