வாய் திறக்காத அப்பா

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மைசூரில் பேச்சுக் குறைகளைச் சரிசெய்யும் பயிற்சி படித்துவிட்டு ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு என்ன வேலை என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. குகட்பள்ளியைத் தாண்டி ஒரு அரசுத் தொழிற்சாலைக் குடியிருப்பு. அதன் பள்ளிக்கு வாரம் இரண்டு நாள் போவேன். விளையாட்டுச் சாமான் அறையை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். பந்துகளுக்கும் வலைகளுக்கும் நடுவே ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், நானே வாங்கி மாட்டிய கண்ணாடி. பாட்டு டீச்சர் என்று நினைத்து ஒரு அம்மா தன் மகளைச் சேர்த்துவிட வந்ததும் உண்டு.

நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருநாள் ஒரு சிறுமியைக் கூட்டி வந்தார். வருகைப் பதிவில் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பாளாம், வாயை அசைப்பாளாம், 'ப்ரெசன்ட்' மட்டும் வராதாம். பிடிவாதக்காரி என்றார். தமிழ்ப் பிள்ளை என்பதால் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். அவள் பள்ளியில் பழகிய இந்தியில் பதில் சொல்ல முயன்றாள். முதல் எழுத்திலேயே தாடை இறுகிக் கண்கள் மூடிக்கொண்டன. பிடிவாதமில்லை, திக்குவாய்.

மூச்சை மெல்ல விட்டு, சொல்லை மெதுவாகத் தொடங்கப் பழக்கினேன். என் அறையில் கொஞ்சம் தேறினாள். வகுப்பில் பழைய மௌனம்தான். வீட்டில் யாரோடு பேசுவாய் என்று ஒருநாள் கேட்டேன். அம்மாவோடு என்றாள். அப்பாவோடு?

"அப்பா பேசவே மாட்டார், மிஸ். தலை மட்டும் ஆட்டுவார்."

எனக்குக் கோபம் வந்தது. மிரட்டி வளர்க்கும் ஆள் என்று முடிவு கட்டி, அவரை வரச் சொல்லி அனுப்பினேன்.

காலை ஷிஃப்ட் முடிந்ததும் தொழிற்சாலைச் சீருடையோடு மனைவியையும் அழைத்து வந்தார். லேத் இயந்திரத்தில் வேலை. நான் கேட்டதற்கெல்லாம் மனைவிதான் பதில் சொன்னார். கடைசியில் அந்த அம்மாவைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவரையே பேசச் சொன்னேன். அவர் தலை நிமிர்ந்து வாயைத் திறந்தார். பிறகு தாடை இறுகியது, கண்கள் மூடின. மகளிடம் பார்த்த அதே முகம்.

"எ... எ... எனக்கும் இருக்கு, மேடம்."

மீதியைச் சொல்லி முடிக்க அரைமணி ஆனது, நான் குறுக்கிடவில்லை. மகள் பேசத் தொடங்கிய வயதில், திக்கிப் பேசுவதைக் கேட்டால் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் முன்னால் அவர் வாய் திறக்கவில்லை. மனைவியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கொல்லைப்பக்கம் போய்ச் சொல்வாராம்.

"ஏ... ஏழு வருசம் ஆச்சு. அப்படியும் அவளுக்கு வந்துருச்சு."

அவரைக் கண்டிக்கத்தான் நான் வரச் சொல்லியிருந்தேன். கேட்டு ஒட்டிக்கொள்வதில்லை, சில குடும்பங்களில் அப்படி அமைந்துவிடுகிறது, யார் மீதும் தப்பில்லை என்றேன். அவர் நம்பாமல் மறுபடி கேட்டார்.

"நா... நான் பேசுனா அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது. நீங்க பேசினா, தான் மட்டும் இப்படி இல்லைன்னு அவளுக்குத் தெரியும்."

மகளை வகுப்பிலிருந்து வரவழைத்தேன். மதியம் என்ன சாப்பிட்டாய் என்று அவளிடம் கேட்டார். அந்தச் சின்னக் கேள்வி முழுதாக வந்து சேர நேரம் பிடித்தது. அவள் அசையாமல் அவர் வாயையே பார்த்தாள். எல்லோரும் அவளுக்குச் சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள், அவள் அவருக்கு அப்படிச் செய்யவில்லை. காத்திருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "த... த... தயிர் சாதம்" என்றாள், தமிழில். அவர் சீருடைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வலைகளை மடித்து வைப்பது போல் திரும்பி நின்றேன்.

ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். அதன்பின் அவள் பெயர் வரும்போது பேனாவை நிறுத்திக் காத்திருந்தார். மூன்றாவது வாரம் 'ப்ரெசன்ட்' வந்தது, நாலைந்து துண்டுகளாக. சிரித்த பையனை அவள் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாளாம்.

திக்கல் இருவருக்கும் போய்விடவில்லை, குறைந்தது, அவ்வளவுதான். ஆண்டு முடிவில் அவள் அம்மாவைப் பள்ளி வாசலில் பார்த்தபோது ஒரே புகார். "சாப்பிட உக்காந்தா ரெண்டு பேரும் எந்திரிக்கிறதே இல்ல, மேடம். பேசிட்டே இருக்காங்க. ரசம் ஆறிப் போகுது."