ஜன்னலை மறைத்த ஜெட் படகு

மாஸ்டர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். அவருடைய காரில் ஓட்டுபவரின் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் மாஸ்டரின் காலடியில் இன்னொரு பிரேக். கற்றுக்கொள்ள வந்தவர் வியர்த்து விறுவிறுத்து ஓட்டுவார். மாஸ்டர் பாக்கு மென்றபடி நிறுத்துவார். அந்த ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு உலகத்தையே நிறுத்தத் தெரிந்தவராகத் தன்னை நினைத்துக்கொண்டுவிட்டார்.

"பயம் வந்துச்சா, ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடு. வண்டி தானா உன் பேச்சைக் கேக்கும்." இதுதான் அவருடைய வேதம். காருக்கு மட்டும் சொன்னால் சரி. அடுப்பில் பால் பொங்கினாலும், மனைவி கோபித்துக்கொண்டாலும், குழாய் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் வந்தாலும் அதையேதான் சொல்வார். "பதறாதே. காலை எடு." எந்தக் காலை, எதிலிருந்து எடுப்பது என்று அவர் மனைவி பல வருஷம் யோசித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அவளுக்குத் தையல் தொழில். வீட்டின் முன்னறையில் மெஷின். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். காலையில் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு நேராக ஊசிமேல் வந்து விழும். பள்ளிச் சீருடையின் கருநீலத் துணியில் கருநீல நூல் ஓட்டுவதற்கு அந்த வெயில் வேண்டும். மின்விளக்கின் கீழ் கருநீலமும் கறுப்பும் ஒன்றுதான்.

அந்த ஜன்னலுக்கு முன்னால்தான் மாஸ்டர் படகைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

சின்னப் படகுதான். ஆனால் அதை ஏற்றியிருந்த இழுவண்டியோடு சேர்த்துப் பார்த்தால் ஜன்னலைவிட உயரம். வெள்ளை உடம்பு, பக்கவாட்டில் சிவப்புக் கோடு. கரையை ஒட்டியே போய் மீன் பிடிக்கலாம், குடும்பத்தோடு ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். குடும்பம் என்றால் யார் என்று அவள் கேட்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

"ரெண்டே வாரம். படகுத்துறையில இடம் கிடைச்சதும் அங்கே போயிடும்" என்றார் மாஸ்டர்.

"ஜன்னலை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்களேன்."

"தள்ளி நிறுத்தினா தெருவுக்குத் தெரியாது."

உண்மையைச் சொல்லிவிட்டார் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம் நடந்தது. "இதுக்கு வெளியே தண்ணியில சுத்துற காத்தாடியே கிடையாது. அடிவயித்துல தண்ணியை உறிஞ்சி, பின்னாடி பீச்சி அடிக்கும். அந்தப் பீச்சுற குழாய் எந்தப் பக்கம் திரும்புதோ, அதுக்குத் தகுந்த மாதிரி படகு திரும்பும். முழங்கால் தண்ணி இருந்தாப் போதும்." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டக் காசா பணமா?

படகை விற்றவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். தண்ணீர் பீச்சும்வரைதான் படகு திரும்பும். வேகத்தை அடியோடு விட்டுவிட்டால் ஸ்டியரிங் வெறும் சக்கரம். பயந்தால் விடாதீர்கள், லேசாகக் கொடுத்தபடியே திருப்புங்கள். அவள் பக்கத்தில் நின்றிருந்தாள், காதில் விழுந்தது. மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, கேட்கவில்லை என்று. "ஊருக்கே வண்டி சொல்லிக்கொடுத்தவன் நான்" என்று சிரித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வேட்டை. கறுப்புக் கண்ணாடி, தொப்பி, தூண்டில் இரண்டு. கரையோரப் பாசி படகின் அடிவயிற்றில் போய் அடைத்துக்கொள்ளும். மாஸ்டர் குப்புறப் படுத்துக் கையை விட்டுப் பிடுங்குவார். சாயங்காலம் முழங்கைவரை பச்சையாக வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். மீனும் வரும். மாஸ்டர் பிடிக்கும் மீனுக்கு ஒரு விசேஷம் உண்டு: கடலிலேயே செதில் உரிந்து, குடல் கழிந்து, துண்டு துண்டாகித்தான் தூண்டிலில் மாட்டும். அவள் அதை வாங்கி இன்னொரு தடவை கழுவினாள்.

இரண்டு வாரம் மழைக்காலத்தைத் தாண்டிப் போயிற்று. ஒரு நாள் சீருடைக் கால்சட்டை ஒன்று திரும்பி வந்தது. கருநீலத்தில் கறுப்பு நூல். கொண்டுவந்த தாய் நல்லவிதமாகத்தான் சொன்னாள். "கண்ணு சரியாத் தெரியலைன்னா கண்ணாடி போட்டுக்கங்களேன், அக்கா." அடுத்த தடவை அவள் வரவில்லை. அவளைத் தொடர்ந்து இன்னும் சிலரும் வரவில்லை. தையல்காரம்மாவுக்குப் பார்வை போய்விட்டது என்று பேச்சு. பார்வை இருந்தது, பார்ப்பதற்குத்தான் வெளிச்சம் இல்லை. இப்படியே இன்னும் சில மாதம் போனால் மெஷினுக்கு உறை போட வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அவளுடைய அத்தான், அக்கா புருஷன், அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். மருந்துக்கடை வைத்திருக்கிறவர். எதையும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார். படகையும் அப்படித்தான் சுற்றி வந்தார்.

"ஓட்டிக் காட்டுங்க சகலை. பிடிச்சிருந்தா நானே எடுத்துக்கறேன்."

மாஸ்டரின் இடுப்பு அவருக்கு முந்திப் பதில் சொல்லிவிட்டது. "உங்களுக்காகன்னா விட்டுக்கொடுக்கிறேன் சகலை. வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன்."

வேறு யாரும் கேட்கவும் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல்முறையாக, தன் புருஷன் ஒரு காரியத்தில் பேரெடுக்க வேண்டுமென்று அவள் மனசார ஆசைப்பட்டாள். அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டாள்.

போகும்போது எல்லாம் நன்றாகவே நடந்தது. நான்கு பேரும் ஏறினார்கள். படகு கரையோரமாகச் சீராகப் போயிற்று. தண்ணீருக்கு அடியில் கூழாங்கற்கள் தெரிந்தன. அக்கா குழந்தை மாதிரி சிரித்தாள். அத்தான் முகர்வதை நிறுத்திவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அந்த ஒரு சொல்லில் அவளுக்கு ஜன்னல் முழுசாகத் திறந்தது. நாளைக்கே கருநீல நூல்கண்டு வாங்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் அத்தோடு மெதுவாக வந்து கரை சேர்ந்திருக்கலாம். ஆனால் படகுத்துறையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஆள் கூட்டத்தைப் பார்த்தால் சிலருக்குக் கால் தரையில் நிற்காது. வேகமாக வந்து, படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு வளைத்து நிறுத்துவது அவர் திட்டம்.

"கொஞ்சம் மெதுவா, சகலை" என்றார் அத்தான்.

"பாருங்க, பாருங்க."

பார்த்தார்கள். சிமெண்டுப் படிக்கட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது. மாஸ்டருக்குப் பயம் வந்தது. பயம் வந்ததும் வேதம் வந்தது. வேகக் கட்டையிலிருந்து கையை அப்படியே எடுத்துவிட்டு ஸ்டியரிங்கைச் சுழற்றினார். சுழன்றது. பொம்மைக் காரின் சக்கரம் மாதிரி நன்றாகவே சுழன்றது. படகு மட்டும் நேராகப் போயிற்று. அடுத்து அவருடைய வலது கால் ஓங்கிப் பிரேக்கை மிதித்தது. பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் மீன் பெட்டி இருந்தது. மூடியை உடைத்துக்கொண்டு கால் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. ஒரு கால் மீன் பெட்டியிலும் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலுமாக, ஓடாத வண்டியைப் பிரமாதமாக ஓட்டியபடி மாஸ்டர் படிக்கட்டில் போய் மோதினார்.

படகின் மூக்கு பிளந்தது. அத்தானின் கண்ணாடி கடலுக்குள் போயிற்று. யாருக்கும் அடி படவில்லை. துறையில் நின்ற ஆட்கள் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

அத்தான் கரையேறிச் சட்டையைப் பிழிந்தார். "படகு நல்லாத்தான் இருந்தது சகலை. ஓட்டுறவரையும் சேர்த்து விக்கிறீங்களோன்னுதான் யோசிக்கிறேன்."

"ஸ்டியரிங்ல ஏதோ கோளாறு" என்றார் மாஸ்டர், காலைப் பெட்டியிலிருந்து உருவியபடி. பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "பின்னாடி உக்காந்து பேச்சுக் கொடுத்தா எப்படி?"

அவள் ஏறியதிலிருந்து வாயைத் திறக்கவில்லை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். இவருக்கு மீசையே இல்லை. ஒட்டுவதற்குப் பக்கத்தில் எப்போதும் அவள் இருந்தாள்.

பிளந்த மூக்கோடு படகு பழையபடி ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றது. இனி அதை வாங்க ஆள் இல்லை. ஒட்டவைக்கக் கேட்ட தொகைக்கு மாஸ்டரிடம் மனசு இல்லை. "எப்பதான் எடுப்பீங்க?" என்று கேட்டாள். "பதறாதே" என்றார். அடுத்து என்ன சொல்வார் என்று தெரிந்திருந்ததால் அவள் அறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் அவர் வகுப்புக்குப் போன பிறகு வாசலில் நின்று படகை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய வெயில் எங்கும் போகவில்லை. ஜன்னலுக்கு வராமல், படகுக்குள் தாராளமாக விழுந்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். இருவருமாக மெஷினைத் தூக்கி மேலே ஏற்றினார்கள். மின்சார ஒயரை ஜன்னல் வழியாக இழுத்தாள். அந்த ஜன்னல் அதற்காவது உதவியது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, மெஷினின் மிதியைக் காலடியில் வைத்துக்கொண்டாள். உடைந்த மீன் பெட்டிக்குள் நூல்கண்டுகளை அடுக்கினாள். கருநீலம் கருநீலமாகவும், கறுப்பு கறுப்பாகவும் தெரிந்தன.

மத்தியானம் பயிற்சிக் கார் வந்து நின்றது. பக்கத்து இருக்கையிலிருந்து மாஸ்டர் இறங்கினார். ஓட்டி வந்த பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாயைப் பிளந்து பார்த்தாள்.

"என்ன பண்றே மேலே?"

"தைக்கிறேங்க. இங்கே வெளிச்சம் இருக்கு."

"அது படகு. இறங்கு முதல்ல. தெருவே பார்க்குது."

"தெருவுக்குத் தெரியணும்னுதானே இங்கே நிறுத்தினீங்க."

மாஸ்டர் மெஷினைக் கைகாட்டினார். "அதை நிறுத்துன்னு சொல்றேன்ல" என்றார்.

அவள் துணியைத் திருப்பி ஊசிக்கு அடியில் வைத்தாள். "இது நிக்கும்ங்க. காலை எடுத்தா உடனே நிக்கும்" என்றாள்.

காலை எடுக்கவில்லை.