நைந்த துணிக்கு ஒட்டு

அமல்தாஸ் டெரிலின் என்ற செயற்கை நூல் துணியைத் திட்டாமல் தைக்கமாட்டார். நைந்த துணிக்கு ஒட்டுப் போடவே மாட்டார். தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளில் கால் மிஷின் வைத்திருந்த ஒரே தையல்காரருக்கு இவ்வளவு வீம்பு ஆகாதுதான். ஆனால் அவரை விட்டால் பிரிஞ்சாங் டவுன் வரைக்கும் பஸ் ஏற வேண்டும். எனவே எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் வேலம்மா ஒரு கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்தாள். செத்துப்போன புருஷனுடையது. கொழுந்தெடுக்கப் போகும்போது குளிருக்கு அதைத்தான் போட்டுக்கொள்வாள். முழங்கை இரண்டும் சல்லடையாகியிருந்தன. அமல்தாஸ் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நைஞ்சதுல தையல் நிக்காது வேலம்மா. ஒட்டு நிக்கும், சுத்தி உள்ளது கிழியும். தரை தொடைக்கக்கூட ஆவாது.”

அவள் கோட்டை வாங்கிக்கொண்டு போனாள். கெட்ட மனுஷர் இல்லை அவர். தொழிலில் தனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு, அவ்வளவுதான்.

எண்பத்து நாலு தீபாவளிக்கு முந்தின வாரம் அமல்தாஸுக்கு நெஞ்சை அடைத்தது. தைக்க வேண்டிய துணி கூரை வரைக்கும் குவிந்து கிடந்தது. வாயு என்று முடிவுகட்டி, இஞ்சிச் சாறு குடித்துவிட்டு இரண்டு நாள் மிஷின் மிதித்தார். மூன்றாம் நாள் மிஷின்மேலேயே சாய்ந்துவிட்டார். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் நாகப்பன் லோரியில் ஏற்றி தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிர் தப்பியது. ஆனால் அந்த இரண்டு நாளில் இதயத்துச் சுவரில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது.

அதன் பிறகு லயத்துப் படிகளில் நாலு ஏறினாலே மூச்சு வாங்கியது. உட்கார்ந்தபடியே தூங்கினார். எண்பத்தாறில் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அறுவை செய்யும் டாக்டர் ராஜநாயகம் தமிழர். செத்த சுவர் மெலிந்து, பலூன் போலப் பிதுங்கியிருப்பதாகப் படம் போட்டுக் காட்டினார். துணி வைத்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தீபாவளி சந்தேகம்தான் என்றார்.

அமல்தாஸ் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற மனைவி ஆரோக்கியம்மாள் பேனாவை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

“அந்த எடம் நைஞ்சு போச்சுன்னு நீங்களே சொல்றீங்க டாக்டர். அப்புறம் தையல் எதுல நிக்கும்? முப்பது வருஷமா தைக்கிறேன் லா. இந்தக் கதை எனக்குத் தெரியும்.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நைஞ்சதுல தைக்கமாட்டோம். அதை வெட்டி எடுத்துடுவோம். உறுதியான ஓரம் வர்ற வரைக்கும் வெட்டுவோம். நூல் சதையை அறுக்காம இருக்க, தையலுக்கு அடியில கெட்டியா ஒரு பட்டி வெச்சுத் தைப்போம்.”

வெள்ளைத் துணித் துண்டு ஒன்றையும் கொண்டுவரச் சொன்னார். அமல்தாஸ் விரலால் நெருடிப் பார்த்தார். முகம் சுண்டியது.

“இது டெரிலின் இல்ல?”

“அதே சரக்குதான்.”

“உசுரில்லாத துணி டாக்டர். அதுவும் வலையாட்டம் ஓட்டை. ரத்தம் ஒழுகாதா?”

“முதல்ல உங்க ரத்தத்துலயே நனைப்போம். அது உறைஞ்சு ஓட்டையை அடைக்கும். அப்புறம் உங்க சதையே நூலுக்குள்ள புகுந்து மூடிக்கும். பயத்தங்கொடிக்குப் பந்தல் போடுறோம்ல, அதுமாதிரி. செத்த தசை திரும்பி வராது. ஆனா சுவர் நிக்கும்.”

அமல்தாஸ் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு துணியில் கத்தரி ஒருமுறைதான் பட வேண்டும் என்று தொழில் கற்றவர் அவர். ஒட்டுப் போடுவதற்காகக் கிழிசலைப் பெரிதாக்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. வேலம்மாவின் கோட்டு ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

“பயமா இருக்கு ஆரோக்கியம்.”

“எனக்கு மட்டும் இல்லியா? போடுங்க கையெழுத்த.”

போட்டார். அறுவை முடிய ஆறு மணி நேரம் ஆனது. பிழைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் மிஷின் மிதிக்கக் கூடாது என்று உத்தரவு. ஆரோக்கியம்மாள் வேலை முடிந்து வந்து பக்கத்தில் நின்று சக்கரத்தைக் கையால் சுற்றுவாள். அவர் துணியை நகர்த்துவார். “இது என்ன தையலா, தேர் இழுப்பா?” என்று லயமே சிரித்தது.

நாலாம் மாதம் வேலம்மாவுக்கு ஆள் அனுப்பினார், கோட்டை எடுத்து வரும்படி. எட்டு வருஷமாக முழங்கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அதைத்தான் போட்டிருந்தாள். அமல்தாஸ் முழங்கையைச் சுற்றிலும் கத்தரியை ஓட விட்டார்.

“ஐயோ, என்னண்ணே! இருக்குறதையும் வெட்டுறீங்க!”

அவர் நிறுத்தவில்லை. கெட்டியான கம்பளி கைக்குத் தட்டுப்படும்வரை வெட்டினார். அடியில் பட்டி வைத்தார். மேலே ஒட்டுக்குக் கைக்கு வந்தது டெரிலின்தான். திட்டாமல் தைத்தார். முடித்ததும் இரண்டு கையாலும் பிடித்து வலுவாக இழுத்துப் பார்த்தார். தையல் அசையவில்லை.

வேலம்மா போட்டுப் பார்த்தாள். முழங்கையை மடக்கினாள், நீட்டினாள்.

“அன்னிக்கு தரை தொடைக்கக்கூட ஆவாதுன்னீங்களே அண்ணே?”

“அன்னிக்கு எனக்குத் தொழில் தெரியாதும்மா,” என்றார் அமல்தாஸ்.