கரி அள்ளிய இருவர்

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பங்குக் கோயிலில் எனக்கு வந்து சேர்ந்த வேலை, பெயர்களைத் தட்டச்சு செய்வது. கல்லறைத் திருநாள் பூசையில் வாசிப்பதற்காகக் குடும்பங்கள் எழுதித் தரும் இறந்தவர்களின் பெயர்களை அகர வரிசையில் அடுக்கிக் கொடுப்பேன். போன வருடம் பங்குத்தந்தை, போரில் இறந்த நம் ஆட்களைத் தனியாக வாசிக்கலாமே என்றார். விசாரித்ததில் ஏழு பெயர்கள் கிடைத்தன. ஏழு பேரும் ராணுவம். 'போர் வீரர்கள்' என்று தலைப்பிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

மறுநாள் காலையிலேயே, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பெண் ஒருவர் மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அவர் மகன் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன். பட்டியலில் தன் தாத்தா பெயர் இல்லை என்றார். எந்தப் படைப்பிரிவு என்று கேட்டேன்.

"பட்டாளம் இல்ல டீச்சர். சரக்குக் கப்பல்ல கரி அள்ளிப் போட்டுக்கினு இருந்தாரு. வெள்ளக்காரன் சண்டையில கப்பல் முயிகிப் போச்சு. எங்கம்மா அப்போ வயித்துல."

அது விபத்து, இது போர் வீரர்களுக்கான பட்டியல் என்று வகுப்பில் பேசும் குரலில் விளக்கினேன். அவர் கோபப்படவில்லை.

"குண்டு வுட்டவன், இது சரக்குக் கப்பலு, வுட்டுடலாம்னு பாத்தானா டீச்சர்?"

அவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். லேமினேட் செய்திருந்தது. முந்தைய பயணம் முடிந்து இறங்கியபோது தாத்தாவுக்குக் கொடுத்த சான்றிதழ். கப்பலின் பெயர், அவர் பெயர், அவர் அப்பா பெயர், கீழே கட்டைவிரல் ரேகை. வேலைக்கும் நடத்தைக்கும் தனித்தனியாக 'மிக நன்று' என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அதே கப்பலில்தான் மறுபடி போனார் என்று அம்மா சொல்வாராம். தாளை இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பட்டியலை மறந்துவிட்டேன், அந்த விரல் ரேகைக்காரர் அங்கே என்னதான் செய்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் இருப்பவர் முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்தவர். சான்றிதழை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துப் படித்தார். கொதிகலன் அறை கப்பலின் அடிவயிற்றில், கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கும் என்றார். நாலு மணி நேரம் கரி அள்ளிப் போட வேண்டும், எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நாலு மணி நேரம். கையில் ஆயுதம் கிடையாது. மேலே ஏற இரும்பு ஏணி மட்டும்.

"கீழ இருக்கறவாளுக்கு மேல என்ன நடக்கறதுன்னே தெரியாது," என்றார். "ஆனா நெருப்பு குறைஞ்சா கப்பல் நின்னுடும். அதனால போட்டுண்டே இருக்கணும்."

பிறகு, தானும் வளைகுடாவில் சண்டை நடந்தபோது எண்ணெய்க் கப்பல் கொண்டுபோனதைச் சொன்னார். முன்னால் போன கப்பல் எரிவதைப் பார்த்துக்கொண்டே இவர்கள் எஞ்சினை ஓட்டியிருக்கிறார்கள். அவர் மனைவிக்கே அது புதுச் செய்தி போலிருக்கிறது. காபி டம்ளரோடு அங்கேயே நின்றுவிட்டார்.

இரண்டாம் உலகப் போரில் இறந்த கப்பல் ஊழியர்களின் பட்டியல்கள் இணையத்தில் இருக்கின்றன. தேடத் தேட மூன்று மதியங்கள் போயின. யாரோ ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள். ஒரே பெயருக்கு நாலு எழுத்துக் கூட்டல். கடைசியில் பெயரை விட்டுவிட்டுக் கப்பலைப் பிடித்துக்கொண்டு தேடினேன். கிடைத்தார். அப்பா பெயர் ஒத்துப்போனது. ஊர் சாந்தோம். வயது இருபத்தாறு.

மீன்கடைக்கே போய்ச் சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து என் போனை வாங்கிப் பார்த்தார். தாத்தா என்றதும் அவர் மனதில் இத்தனை காலம் நரைத்த தலைதான் இருந்திருக்கிறது.

"இருபத்தாறா? என் புள்ளைய வுட சின்னவரா கீறாரு."

பிறகு கீழே இருந்த வரியைக் காட்டி, அது யார் என்று கேட்டார். அதே கப்பல், அதே கரி அள்ளும் வேலை, திருவல்லிக்கேணிக்காரர், இஸ்லாமியப் பெயர். படித்துச் சொன்னேன்.

"அவரையும் சேத்துப் படிக்கச் சொல்லு டீச்சர். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான கீழ இருந்தாங்கோ. அவரு வூட்லேந்து யாரு வந்து உன்னாண்ட கேக்கப் போறா?"

கோயிலில் இதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தயக்கம். பங்குத்தந்தையிடம் சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கினேன். அவர் பாதியிலேயே, பெயரைச் சரியாக உச்சரிக்க யாரிடமாவது கேட்டு வாருங்கள் என்றார். திருவல்லிக்கேணியில் வசிக்கும் என் பழைய மாணவி போனில் இரண்டு முறை சொல்லிக் கொடுத்தாள். 'போர் வீரர்கள்' என்பதை எடுத்துவிட்டு, 'போர்க்காலத்தில் பணியில் இறந்தவர்கள்' என்று மாற்றி, ஏழு பேருக்குக் கீழே தாத்தாவையும் அவரையும் சேர்த்தேன்.

அன்று மழை. ஒன்பது பெயர்களை வாசித்தார்கள். எட்டாவது பெயர் வந்தபோது அந்தப் பெண் எழுந்து நின்றார். ஒன்பதாவது முடியும் வரை உட்காரவில்லை.

பூசை முடிந்து குடையை விரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, அந்தக் கப்பலில் என்ன சரக்கு போயிற்று என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தாத்தாவுக்குத் தெரிந்திருக்குமா என்றார். அதுவும் தெரியவில்லை. மேல்மாடிக்காரரிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னேன். "கேளு டீச்சர்," என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் தேங்கிய தண்ணீரில் இறங்கி நடந்தார்.